துருக்கிக் கடற்கரை ஊரான ஓலூதெனிஸ் பக்கம் போய்வந்தவர்கள், இன்னும் உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்

நடைவண்டி:
சக்லிகென்ட் மலையிடுக்கு, ஆற்றுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். மரப்பாலம் முடிந்ததும் ஊற்று பீறிட்டு வருமே, அந்த இடம். வெளியே ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீரோ மலைப்பனி உருகி வந்தது, கால் மரத்துவிட்டது. பாதி வழியில் செருப்பை வெள்ளம் பிடுங்கிக்கொண்டது, குனிந்து பிடிக்கப் போய் நானும் சாய்ந்தேன். முக்காடு போட்ட ஒரு துருக்கி அம்மா, இடுப்பில் பேரனோடு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவர் வளையலின் தடம் சாயங்காலம் வரை இருந்தது. கரையேறியதும் என்னவோ திட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பேயறைந்த மாதிரி நின்றேன்.

தவிட்டுக்குருவி:
எனக்கு வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு. வரி வரியாக இருந்ததை மரப்பட்டை என்றே நினைத்தேன். கூட வந்தவர் கையைத் தட்டியதும் பட்டையே பெயர்ந்து பறந்தது, உள்ளிறகெல்லாம் செங்கல் சிவப்பு. நானும் தட்டினேன், மூன்று தடவை. ஒன்று மட்டும் எழும்ப முடியாமல் என் காலடியில் இறகை அடித்துக்கொண்டு கிடந்தது.

சுக்குக்காபி:
அது வண்ணத்துப்பூச்சியே இல்லை, ஜெர்சி டைகர் என்கிற அந்துப்பூச்சி. கோடையில் நிழலும் ஈரமும் தேடி ஒதுங்குகிறது, தட்டித் தட்டிக் கிளப்பினால் சேர்த்து வைத்த சத்தெல்லாம் வீண். கை தட்டுகிறவர்களைப் படகைவிட்டே இறக்கக் கூடாது. என் கதை சின்னது: பாபாதா மலையில் பாராகிளைடிங், பைலட் "ஓடு, ஓடு" என்று கத்துகிறார், நான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நடைவண்டி, சக்லிகென்டுக்கு யாராவது செருப்பு போட்டுக்கொண்டு போவார்களா? அங்கேயே ரப்பர் ஷூ வாடகைக்குக் கிடைக்கும். 18 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் வரை உயர்ந்த பாறைச்சுவர், மேலே எங்கேயோ மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் ஏறும், அதனால் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஃபராலியா ஊரிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூச்சிப் பள்ளத்தாக்குக்கு இறங்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், விழுந்து செத்தவர்கள் உண்டு, படகிலேயே போங்கள். மாற்றுத்துணி, போனுக்குப் பிளாஸ்டிக் உறை, இரண்டும் முக்கியம்.

நடைவண்டி:
செருப்புக்கு யோசனை கேட்கவில்லை ஐயா. அந்த அம்மா திட்டியதில் 'தெர்லிக்' என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. துருக்கியில் செருப்புக்கு அதுதான் பேராம், விடுதியில் சொன்னார்கள். அவரும் உங்கள் கட்சிதான் போல.