பந்து ஏன் நின்றது என்று கேட்டால் "புவியீர்ப்பு" என்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

நெல்மணி டீச்சர்:

வணக்கம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு விசையும் அழுத்தமும் பாடம் போய்க்கொண்டிருக்கிறது, உராய்வுக்கு வந்துவிட்டோம். வரையறை கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். நிலை உராய்வு, நழுவு உராய்வு, உருளும் உராய்வு எல்லாம் நுனிநாக்கில் இருக்கிறது. ஆனால் வராந்தாவில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, இது ஏன் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது என்று கேட்டால் பாதி வகுப்பு "புவியீர்ப்பு இழுத்து நிறுத்திடுச்சு டீச்சர்" என்கிறது. மீதிப் பாதி "தள்ளின விசை தீர்ந்துபோச்சு" என்கிறது. உராய்வு என்று சொல்லும் ஓரிருவரும், அது சொரசொரப்பான தரைக்கு மட்டும்தான், டைல்ஸ் தரையில் கிடையாது என்று நினைக்கிறார்கள்.

சரிவுப் பலகை வைத்தால் இன்னும் சிக்கலாகிறது, அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. கனமானது சீக்கிரம் கீழே வரும் என்பதில் வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. பெரிய ஆய்வகம் எதுவும் கிடையாது, பலகை, கோலிக்குண்டு, சாக்கு, டப்பா மாதிரியானவை கிடைக்கும். இரண்டு மூன்று பாடவேளை ஒதுக்க முடியும். இதையெல்லாம் வகுப்பில் செய்து பார்த்தவர்கள், எதை முதலில் காட்டுவது, எதை அப்புறம் காட்டுவது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கரும்பலகை:

டீச்சர், "தள்ளின விசை தீர்ந்துபோச்சு" என்று சொல்கிற பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள், வேர் அங்கேதான் இருக்கிறது. ஓடுகிற பொருளுக்குள்ளே விசை என்று ஏதோ நிரம்பியிருக்கிறது, அது காலியானதும் பொருள் நிற்கிறது என்ற எண்ணம் போகாதவரை உராய்வுக்கு அந்தப் பிள்ளையின் மனதில் இடமே கிடையாது.

முதல் பாடவேளைக்கு ஒரு சிறிய சரிவு போதும். நான்கு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் ஒரு அட்டையைச் சாய்த்து வையுங்கள். அதே கோலிக்குண்டை, அதே உயரத்திலிருந்து, தள்ளாமல் வெறுமனே விடச் சொல்லுங்கள். கீழே வந்ததும் அது ஓடும் தரையை மட்டும் மாற்றுங்கள். முதலில் கோணிச் சாக்கு, அப்புறம் ஜமுக்காளம், அப்புறம் சிமெண்ட் தரை, கடைசியில் டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எவ்வளவு தூரம் போகும் என்று நோட்டில் எழுத வைத்துவிட்டுத்தான் குண்டை விட வேண்டும். எழுதாமல் விட்டால் "நான் அப்பவே நெனச்சேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், ஒன்றும் தங்காது. சாக்கில் சட்டென்று நின்றுவிடும், டைல்ஸில் வகுப்பின் மறு கோடிவரை போகும். இப்போது கேளுங்கள்: உயரம் ஒன்று, குண்டு ஒன்று, கீழே வரும்போது வேகமும் ஒன்று. "தள்ளின விசை தீர்ந்துபோச்சு" என்றால் எல்லாத் தரையிலும் ஒரே தூரத்தில் அல்லவா தீர்ந்திருக்க வேண்டும்? புவியீர்ப்பு நிறுத்தியது என்றால் சாக்கின் மேல் மட்டும் அது கூடிவிட்டதா? டைல்ஸிலும் கடைசியில் நின்றுதானே போனது? தரை இதைவிட வழவழப்பாக, இன்னும் வழவழப்பாக ஆகிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். "நிக்கவே நிக்காது" என்பது பிள்ளைகள் வாயிலிருந்து வர வேண்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் புவியீர்ப்பு என்று சொன்ன பிள்ளையை ஒரேயடியாகத் தவறு என்று உட்கார வைக்க வேண்டாம். அது கீழ்நோக்கித்தான் இழுக்கிறது, பந்து போவதோ பக்கவாட்டில், அதனால் நேரடியாக நிறுத்தாது. இருந்தாலும் பந்தைத் தரையோடு அழுத்தி வைப்பது அதுதானே! அந்த அழுத்தம் இல்லாவிட்டால் உராய்வே பிறக்காது. இந்தத் தொடர்பைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டாம் பாடவேளைக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பா இரண்டு, ஒரு மீட்டர் பலகை ஒன்று. ஒரு டப்பா காலி, இன்னொன்றில் மணல். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். எது முதலில் நழுவும்? கனமானதுதான் என்று பாதி பேர், காலிதான் என்று சிலர். கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இரண்டும் நழுவும். வகுப்பு அப்படியே ஸ்தம்பித்துப் போகும், நம்புங்கள். மணல் டப்பாவைக் கீழே இழுக்கும் விசை அதிகம், சரி. அதே அளவுக்குப் பலகையை அழுத்துவதும் அதிகம், அதனால் பிடித்து நிறுத்தும் உராய்வும் அதிகம். இரண்டும் சேர்ந்தே கூடுவதால் நழுவும் சாய்வு மாறுவதில்லை. பிறகு பலகையில் உப்புத்தாளை ஒட்டி மறுபடியும் செய்தால் சாய்வு மாறும். எடையை மாற்றினால் மாறவில்லை, பரப்பை மாற்றினால் மாறுகிறது. இந்த இரண்டு வரியை அவர்களே எழுதிவிட்டால் பாடம் முக்கால்வாசி முடிந்தது.

பலகையை ஒவ்வொரு தடவையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சிந்திய மணல் ஒன்றிரண்டு இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

தகடுப்பட்டறை:

மேலே சொன்ன இரண்டுமே நல்ல செய்முறைகள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கனம், லேசு ஒப்பிடும்போது உருளும் பொருளை எடுக்காதீர்கள். உருளும் பொருள் கீழே இறங்குவதோடு சுற்றவும் வேண்டும். ஒரு வளையலையும் கேரம் காயையும் சரிவில் உருட்டினால் கேரம் காய்தான் முந்தும், அதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை, வளையலின் நிறை முழுக்க விளிம்பில் இருப்பதுதான் காரணம். எட்டாம் வகுப்பில் அந்த வம்பு வேண்டாம், டப்பாவே சரி.

கனமானது சீக்கிரம் விழும் என்ற எண்ணத்துக்கு ஒரு நாணயம் போதும். நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக வட்டமாக ஒரு காகிதம் வெட்டிக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போட்டால் காகிதம் ஆடி ஆடி இறங்கும். அதையே நாணயத்தின் மேல் வைத்து, நாணயத்தைப் படுக்கையாகப் பிடித்து விடுங்கள். இரண்டும் ஒன்றாகவே தரைக்கு வரும், ஏனென்றால் காற்றை நாணயம் விலக்கிக்கொடுத்துவிடுகிறது. ஒட்டவில்லை என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் கொடுத்துக் காட்டிவிடுங்கள். இதற்குப் பிறகு அப்போலோ 15 காணொளியைப் போடலாம். 1971 ஆகஸ்டில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒரே நேரத்தில் விடுவார், இரண்டும் ஒன்றாக விழும். காற்று இல்லாத இடத்தில் புவியீர்ப்பு மாதிரி எதுவும் இருக்காது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு, அவர்களுக்கும் இதுவே பதில். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு, அதனால் விழுவது மெதுவாகத் தெரியும், ஆனாலும் விழுகிறது.

நேரம் இருந்தால் கலிலியோ வழியில் ஒன்று. நேரடியாக விழும் பொருளைக் கண்ணால் பின்தொடர முடியாது, முதல் நொடியிலேயே 4.9 மீட்டர் போய்விடும். அதனால் அவர் சரிவை வைத்து அதை நிதானமாக்கிக்கொண்டார். 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு அலுமினியச் சட்டம், பள்ளம் உள்ளதாக, ஒரு முனையை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். மேலே குண்டு புறப்படும் இடத்திலிருந்து 10, 40, 90, 160 செ.மீ. தூரங்களில் குறுக்கே மெல்லிய நூல் கட்டுங்கள், குண்டு தட்டிக்கொண்டு போகும் அளவுக்குத் தளர்வாக. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அரை நொடிக்கு ஒரு "டிக்" சீராகக் கேட்கும். கண்ணைத் திறந்தால் நூல்களின் இடைவெளியோ 10, 30, 50, 70. நேரம் சமமாக இருக்க, தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது, அதாவது வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அழகான செய்முறை. நூலை ரொம்ப இறுக்கிக் கட்டினால் குண்டு அங்கேயே தடுமாறும், கவனம்.

மேலவீதி:

நான் ஆசிரியர் இல்லை. ஆனால் எங்கள் ஊர்த் தேரோட்டத்தை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு நிலை உராய்வைத் தனியாக விளக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. நிலையிலிருந்து தேர் கிளம்பும் அந்த நேரம்தான் பெரும்பாடு. முன்னால் அத்தனை பேர் வடம் பிடித்து இழுப்பார்கள், பின்னால் நெம்புகோல் போட்டு நெம்புவார்கள், அசையாது. ஒரு சாண் நகர்ந்துவிட்டால் அப்புறம் அதே கூட்டம் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். நிறுத்துவதற்கு முட்டுக்கட்டை. சக்கரத்துக்கு முன்னால் அந்தக் கட்டையைச் சரியான நேரத்தில் செருகுகிறவரின் கையில்தான் தேரே இருக்கிறது. கட்டையும் சக்கரமும் உராய்ந்து புகை வாசனை வரும். திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக்கே இருக்கிறது, முட்டுக்கட்டையும் கூடவே இருக்கிறது. தெருமுனையில் திருப்பும்போது சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு எண்ணெய் ஊற்றுவதைக் காட்டிக் கேளுங்கள், இங்கே மட்டும் ஏன் உராய்வைக் குறைக்கிறார்கள் என்று.

நெல்மணி டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சோப்பு டப்பாவைச் சனிக்கிழமையே வீட்டில் செய்து பார்த்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். மேலவீதி அவர்கள் சொன்ன தேர் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்தது. இன்னொரு சந்தேகம். உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்றுதான் எழுதிப் போடுகிறோம். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "அப்போ நாம நடக்கிறதையும் அது எதிர்க்குதா டீச்சர், சேத்துல உராய்வு கம்மிதானே, அங்க நடக்கிறது ஈசியா இருக்கணுமே" என்று கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

கரும்பலகை:

அருமையான கேள்வி, அந்தப் பெண்ணை வகுப்பு முன்னால் பாராட்டுங்கள். ஒன்றோடொன்று தொட்டிருக்கும் இரண்டு பரப்புகள் வழுக்குவதைத்தான் உராய்வு எதிர்க்கிறது. நடக்கும்போது பாதம் தரையைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது, உராய்வு இல்லாவிட்டால் பாதம் பின்னால் வழுக்கிவிடும். அதைத் தடுக்க உராய்வு பாதத்தை முன்பக்கமாகத் தள்ளுகிறது, நாம் முன்னேறுகிறோம். சைக்கிளில் பின்சக்கரத்துக்கும் இதே கதைதான். அவளையே ஈரமான தரையில் சாக்கை விரித்து அதன் மேல் ஏறி, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை மற்றவர்கள் பார்த்து, தரை காலைத் தள்ளும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடட்டும். பெரும்பாலும் முதலில் பின்பக்கமாகத்தான் போடுவார்கள், அழிக்கச் சொல்லாமல் ஏன் என்று கேளுங்கள்.