லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயம்: அந்தக் குவிமாடம் ஏமாற்று வேலையா?

கல்தச்சன்: வெளியே நாம் பார்ப்பது மரச்சட்டத்தின் மேல் ஈயத்தகடு போர்த்திய கூடு. உள்ளே நின்று அண்ணாந்தால் தெரிவது வேறொரு செங்கல் குவிமாடம். உச்சியிலுள்ள சுமார் 850 டன் கல் கோபுரமோ இரண்டின் மேலும் நிற்கவில்லை; நடுவே ஒளிந்திருக்கும் செங்கல் கூம்புதான் அதைச் சுமக்கிறது. 1436இல் புளோரன்ஸில் புருனெலெஸ்கி முடித்த குவிமாடமும் இரண்டு அடுக்குதான். ஆனால் அங்கே இரண்டும் பிணைந்து சேர்ந்தே சுமக்கின்றன. அதுதான் நேர்மையான கட்டடம்.

வைகைக்கரை: ஏமாற்று என்பது பெரிய வார்த்தை நண்பரே. 1666 தீயில் பழைய ஆலயம் அழிந்த பிறகு, ஊர் முழுக்கத் தெரியும் ஒரு உச்சியை கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் எழுப்ப நினைத்தார். சிலுவை வரை 111 மீட்டர். உள்ளேயும் அதே உயரத்துக்குக் குவிமாடத்தைக் கொண்டுபோனால், கீழே நிற்பவருக்குக் கிணற்றடியிலிருந்து வானம் பார்ப்பதுபோல இருக்கும். அதனால் உள்ளே தாழ்வாக ஒன்று, வெளியே உயரமாக ஒன்று. அரைக்கோளத்தின் உச்சியில் அவ்வளவு பாரம் வைத்தால் அது பக்கவாட்டில் பிதுங்கும். கூம்பில் பாரம் சரிவோடு இறங்கிவிடும். அந்தக் கூம்பின் கனம் ஒன்றரை அடிதான்!

யாழினி: ஒளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள் குவிமாடத்தின் நடுவில் வட்டத் திறப்பு இருக்கிறது. கூம்பும் உச்சியில் திறந்தே இருப்பதால், மேலிருந்து வரும் வெளிச்சம் அது வழியாக உள்ளே விழும். மூன்று அடுக்கும் சேர்ந்து யோசிக்கப்பட்டவை.

கல்தச்சன்: கூம்பு அபாரம், அதில் எனக்குத் தகராறு இல்லை. சரி, பக்கச் சுவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? மேல்தளம் முழுக்கத் திரைச்சுவர். பின்னால் கூரை கிடையாது, திறந்தவெளிதான். உள்ளே உயர்ந்த சுவரைத் தாங்கி, அதன் பாரத்தை வெளிச்சுவருக்குக் கடத்தும் அரைவளைவுகள்தான் முட்டுவளைவுகள். இடைக்கால கோதிக் பாணி ஆலயங்களில் வெளிப்படையாக நிற்கும் அவற்றை இங்கே மறைப்பதற்காக எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணிக்காக வாதாடிய ஆங்கிலக் கட்டடக் கலைஞர் பியூஜின் இதைத்தான் கண்டித்தார்.

வைகைக்கரை: மறைப்பு மட்டுமில்லை. அந்தச் சுவரின் எடை கீழ்ச்சுவரை அழுத்திப் பிடிக்கிறது. முட்டுவளைவுகள் வெளியே தள்ளும்போது சுவர் சாயாமல் நிற்க அது உதவும். அப்புறம், அந்த உயரமான சுவர் இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய குவிமாடம் தாழ்ந்த கூரைமேல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கல்தச்சன்: எடைதான் காரணம் என்றால் வெறும் சுவரே போதுமே. ஜன்னல் போலவே மாடங்கள் செதுக்கி, பின்னால் ஒரு தளம் இருப்பதாகக் காட்டியது எதற்கு? எடை, அளவு இரண்டும் அதற்குப் பதில் ஆகாது.