பக்கத்து மாவட்டத்துல புதைச்ச அன்நோன் பாடி எங்க சித்தப்பாவான்னு எப்படி உறுதி பண்றது? போலீஸ் என்னென்ன செஞ்சிருக்கணும்?

கருப்பட்டிகாபி:

எல்லாருக்கும் வணக்கமுங்க, கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. எங்க சித்தப்பாவுக்கு வயசு 61, ரெண்டு வருஷமா ஞாபக மறதி ஜாஸ்தி, போன வைகாசியில டீ குடிச்சுட்டு வரேன்னு கிளம்பினவரு திரும்பி வரல. ஸ்டேஷன்ல மொதல்ல சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கான ரசீது) மட்டும் குடுத்தாங்க, அப்புறம் அலைஞ்சு மேன் மிஸ்ஸிங்னு எஃப்ஐஆர் வாங்கினோம். இப்ப தெரிஞ்ச ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தர் சொல்லித்தான் தெரியுது, நாங்க கம்ப்ளைன்ட் குடுத்த அடுத்த வாரமே பக்கத்து மாவட்டத்துல தண்டவாளத்தோரமா ஒரு ஆண் பாடி கிடந்திருக்கு, ரயில்வே போலீஸ் கேஸ், யாரும் தேடி வரலைன்னு ஜிஎச் மார்ச்சுவரியில கொஞ்ச நாள் வெச்சிருந்து புதைச்சுட்டாங்களாம்.

போட்டோ காட்டினாங்க. முகத்த வெச்சு சொல்ற மாதிரி இல்லைங்க, உப்பி கறுத்துப் போயிருந்துச்சு. கட்டம் போட்ட சட்டை ஒத்துப்போகுது, ஆனா அந்தச் சட்டை எங்கூரு சந்தையில குவிச்சு வெச்சு விக்கிறது. சித்தப்பாவுக்கு 2016ல பைக் ஆக்சிடென்ட் ஆகி வலது தொடையில ராடு வெச்சிருக்கு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல வலது தொடையில பழைய தழும்புன்னு ஒரே ஒரு வரி இருக்கு, ராடு பத்தி ஒண்ணும் இல்ல. அங்க இருந்தவரு "இவருதான்னு எழுதிக் குடுத்துருங்க, கேஸ முடிச்சிரலாம்"னு சொல்றாரு. சித்தி இவரு இல்லவே இல்லைங்கிறாங்க, அப்பா இவருதாங்கிறாரு, வீட்டுல பேச்சுவார்த்தையே இல்ல.

கேள்வி என்னன்னா, காணாமப் போன லிஸ்ட்டோட இந்த பாடிய ஒப்பிட்டுப் பாக்க வேண்டியது போலீஸோட கடமை இல்லையா? இப்ப தோண்டி எடுத்துப் பாக்கச் சொல்ல முடியுமா, யாருகிட்ட கேக்கணும்?

பழைய_ஏட்டு:

தம்பி, மொத வேலையா அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. சந்தேகத்தோட எழுதிக் குடுத்துட்டா அதோட ஃபைல் மூடிடும், நாளைக்கு வேற எங்கயாச்சும் உயிரோடவோ பாடியாவோ அவரு கிடைச்சா அவர யாரும் உங்களோட சேக்க மாட்டாங்க, அங்க புதைஞ்சு கிடக்கிறவரோட வீட்டுக்காரங்களும் காலம் பூரா தேடிட்டே இருப்பாங்க.

நான் போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தவன், நடைமுறைய சொல்றேன். தண்டவாளத்துல பாடி கிடந்தா ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ குடுப்பாரு, அத வெச்சு ரயில்வே போலீஸ் கேஸ் போடும் (ஆர்பிஎஃப் வேற, அது சென்ட்ரல் கவர்மென்ட், ரயில்வே சொத்தப் பாத்துக்கிறவங்க). வயக்காட்டுலயோ கிணத்துலயோ கிடந்தா விஏஓ கம்ப்ளைன்ட் குடுப்பாரு, கிராமத்துல சந்தேகமான சாவோ பாடியோ தெரிய வந்தா தகவல் சொல்ல வேண்டியது அவரு சட்டப்படியான கடமை. அப்புறம் இன்க்வெஸ்ட், அதாவது சாவு எப்படி ஆச்சுன்னு போலீஸ் பண்ற மொத விசாரணை. 2024 ஜூலை 1ல இருந்து அது பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 194வது பிரிவு, ஆனா இன்னும் எல்லாரும் வாய்ல 174னுதான் சொல்லுவாங்க. ஸ்பாட்டுக்குப் போயி அக்கம்பக்கத்துல ரெண்டு பேராவது பஞ்சாயத்தார வெச்சு காயம், தழும்பு எல்லாம் எழுதணும், அந்த ரிப்போர்ட் 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகணும். ஆளு யாருன்னு தெரியலைன்னா போட்டோ எடுக்கணும், கைரேகை எடுக்கணும், துணிமணி கயிறு மோதிரம் எல்லாத்தையும் எடுத்து வெக்கணும், சுத்துப்பட்டு ஸ்டேஷனுக்கெல்லாம் மெசேஜ் போகணும், பேப்பர்ல குடுக்கணும்.

கோளாறு எங்க ஆகுதுன்னா ரயில்வே போலீஸோட எல்லையும் உங்க லோக்கல் ஸ்டேஷன் எல்லையும் வேற வேற. தமிழ்நாடு பூராவுக்கும் ரயில்வே போலீஸுக்கு சென்னை, திருச்சின்னு ரெண்டே ரெண்டு மாவட்டம்தான். உங்க மிஸ்ஸிங் கேஸ் லோக்கல் எஸ்பி ஆபீஸ்ல தூங்கும், பாடி அந்தப் பக்கம் தூங்கும். ரெண்டையும் சேத்துப் பாக்கத்தான் சிசிடிஎன்எஸ்னு நாடு பூரா ஸ்டேஷன்கள இணைக்கிற கம்ப்யூட்டர்ல ஏத்துறது, ஆனா அங்க "சுமார் 55 வயது, மாநிறம், சராசரி உயரம்"னு அடிச்சு வெச்சா பாதி தமிழ்நாடு அதுல மேட்ச் ஆகும். தழும்புங்கிற கட்டத்த காலியா விட்டுட்டுப் போறதுதான் ரொம்ப பேரு பண்றது, அங்கதான் விஷயமே இருக்கு. உங்க எஃப்ஐஆர்ல ராடு பத்தி எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா இன்னிக்கே ஒரு கூடுதல் வாக்குமூலம் குடுங்க.

அங்க போனா கேக்க வேண்டியது கிரைம் நம்பர், இன்க்வெஸ்ட் ரிப்போர்ட், பிஎம் ரிப்போர்ட், எல்லா போட்டோவும் (முகம் மட்டும் இல்ல, கால், கை, பல்லு), கைரேகை எடுத்தாங்களா, எலும்போ பல்லோ எடுத்து வெச்சாங்களா, எந்த மயானத்துல எந்த இடம்னு ரெஜிஸ்டர் என்ட்ரி. கைரேகை எடுத்திருந்தாலும் அவரு மேல பழைய கேஸ் எதுவும் இல்லைன்னா போலீஸ் கைரேகைப் பிரிவுல ஒப்பிட ஒண்ணும் இருக்காது. ஆதார வெச்சுப் பாக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க, அந்தச் சட்டத்துல 29வது பிரிவு கைரேகை, கருவிழிய யாருக்கும் எதுக்காகவும் குடுக்கக் கூடாதுங்குது.

சும்மா_ஒருத்தன்:

ப்ரோ இதெல்லாம் இழுத்தடிப்பானுங்க. 7 வருஷம் ஆனா தானா இறந்ததா ஆயிடும், டெத் சர்டிபிகேட் குடுத்துருவாங்க. எங்க பெரியம்மா வீட்டுல அப்படித்தான் விட்டுட்டாங்க.

கோர்ட்டுக்காக்கா:

தானா எதுவும் ஆகாதுங்க, 7 வருஷம்னு ஊர்ல சொல்றது பாதிதான் சரி. பழைய சாட்சியச் சட்டத்துல 108வது பிரிவு, இப்ப பாரதிய சாக்ஷ்ய அதினியத்துல 111. ஒருத்தர் உயிரோட இருந்தா யாருக்கு இயல்பா தெரிஞ்சிருக்குமோ அவங்களுக்கு 7 வருஷமா எந்தத் தகவலும் இல்லைன்னா, அவரு உயிரோட இருக்காருன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். அவ்வளவுதான் அது. அத வெச்சு சிவில் கோர்ட்ல இறந்துட்டாருன்னு டிக்ளரேஷன் வாங்கி, அதுக்கப்புறம்தான் சர்டிபிகேட். எந்தத் தேதியில செத்தாருங்கிறதும் அந்த அனுமானத்துல வராது, இன்ஷூரன்ஸ், பென்ஷன்னு போனா அந்தத் தேதியிலதான் முட்டும்.

தம்பி உங்க விஷயத்துக்கு வரேன். புதைச்ச பாடிய எடுத்துப் பாக்குற அதிகாரம் மாஜிஸ்ட்ரேட்டுக்கு இருக்கு, பிஎன்எஸ்எஸ் 196, பழைய 176. சட்டத்துல சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்கன்னுதான் வாசகம் இருக்கு, அதனால மனுவுல "அடையாளம் தெரியணும்"னு மட்டும் எழுதாதீங்க, ஆளு யாருன்னே தெரியாம சாவுக்குக் காரணம் எப்படி முடிவு பண்ணினீங்க, விழுந்தாரா தள்ளினாங்களா அடிச்சுப் போட்டாங்களான்னு சேத்து எழுதுங்க. நடைமுறையில தாசில்தாரு முன்னாடி டாக்டர வெச்சு தோண்டுவாங்க. புதைச்ச இடம் எந்த எல்லையில இருக்கோ அந்த ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தாருக்கு மனு, ரயில்வே போலீஸ் எஸ்பிக்கு ஒரு காப்பி, உங்க ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு காப்பி, எல்லாம் ரிஜிஸ்டர் தபால்ல. நகரலைன்னா ஹைகோர்ட்ல ஒரு டைரக்‌ஷன் கேக்கலாம், மனு குடுத்த அத்தாட்சி கையில இருந்தா அது பெரிய வேலை இல்ல. அப்பறம் அதே பிரிவுல, இறந்தவரோட சொந்தக்காரங்க யாரு எங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தகவல் சொல்லி விசாரணையில இருக்க விடணும்னு இருக்கு. பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, கட்டினவங்க, இவங்கதான் அதுல சொந்தம். அண்ணன் மகன் வர மாட்டாரு, அதனால மனு சித்தி பேர்லயோ உங்க அப்பா பேர்லயோ போகட்டும்.

எத்தன நாள் பாடிய வெச்சிருக்கணும்னு 194ல ஒரு வார்த்தை கிடையாது. ஒரு டிராஃபிக் ஃபைனுக்கு எத்தன நாள் டைம்னு எழுதி வெக்கிற நாட்டுல இதுக்கு எழுதல.

இன்னொண்ணு, அந்தச் சாவு ஏற்கெனவே "அடையாளம் தெரியாத ஆண்"னு பதிவாகியிருக்கணும். பொது இடத்துல கேட்பாரில்லாம கிடக்கிற பாடிக்கு கிராமத்துல ஊர்த்தலைவர் இல்ல அதுக்கு இணையான அதிகாரி, மத்த இடத்துல ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பதிவாளருக்குத் தகவல் குடுக்கணும்னு 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 8வது பிரிவு சொல்லுது. அடையாளம் உறுதியானா அதே பதிவுல 15வது பிரிவுப்படி பேரு திருத்தம் கேக்கலாம், 7 வருஷம் தேவையே இல்ல.

தடயம்:

மெடிக்கல் சைடுல இருந்து சொல்றேன். பிஎம் ரிப்போர்ட்ல ராடு இல்லைங்கிறத வெச்சு இவரு இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, அதே சமயம் தழும்பு இருக்குங்கிறத வெச்சு இவருதான்னும் முடிவு பண்ணாதீங்க. தொடை எலும்புக்கு வெக்கிற ராடு பெரும்பாலும் எலும்புக்கு உள்ளார மஜ்ஜை இருக்குற குழாய்க்குள்ள போறது, வெளியில இருந்து தெரியாது. பிஎம்ல தலை, நெஞ்சு, வயிறு தெறப்பாங்க, தொடையில புதுக் காயம் இல்லைன்னா அங்க கத்தி வெக்க மாட்டாங்க, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும், எல்லா மார்ச்சுவரியிலயும் எக்ஸ்ரே கிடையாது.

அதனால உங்க கேஸ் ஒரு விதத்துல சுலபம். தோண்டினா தொடை எலும்பு கண்டிப்பா இருக்கும், உள்ள ராடு இருக்கா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிரும். இருந்தா அதுலயும் ஸ்க்ரூலயும் பொதுவா கம்பெனி மார்க்கு, சைஸு, லாட் நம்பர் பொறிச்சிருக்கும். ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட்ல அந்த இம்ப்ளான்ட்டோட ஸ்டிக்கர ஒட்டி வெச்சிருப்பாங்க, பில்லோட டிஸ்சார்ஜ் ஃபைல்லயும் சில பேரு ஒட்டிக் குடுப்பாங்க, பீரோ பூரா தேடுங்க. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடைச்சா இன்னும் நல்லது, ஸ்க்ரூ எத்தன, எந்தக் கோணத்துல இறங்கியிருக்கு, எலும்பு கூடின இடம் எப்படி தடிச்சிருக்குன்னு ஆளுக்கு ஆளு மாறும். நடுவுல எப்பயாச்சும் ராட எடுத்துட்டாங்களான்னு சித்திகிட்ட கேட்டுக்கோங்க, சில பேரு ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துருவாங்க.

டிஎன்ஏக்கு தொடை எலும்புத் துண்டு, இல்ல சொத்தை இல்லாத கடவாய்ப் பல்லு. ஃபார்மலின்ல போடக் கூடாது, டிஎன்ஏ வீணாயிடும். ஒப்பிட அவரோட பிள்ளைங்க ரத்தமோ பெத்தவங்க ரத்தமோதான் முதல் தரம். சித்தி ரத்தம் மட்டும் பிரயோஜனம் இல்ல, பிள்ளைங்க ரத்தத்தோட சேத்துக் குடுத்தா உதவும். காசு கட்டி தனியார் லேப்ல பாக்குறேன்னு எதையும் நீங்களா எடுத்துட்டுப் போகாதீங்க, எடுத்தது யாரு சீல் வெச்சது யாருன்னு கேட்டா பதில் இருக்காது, போலீஸ் வழியா அரசு தடய அறிவியல் லேபுக்குத்தான் போகணும். பல்லு தெரிய சிரிச்ச போட்டோ இருந்தா எடுத்து வைங்க, மண்டை ஓட்டோட போட்டோவ பொருத்திப் பாக்குற சூப்பர் இம்பொசிஷன் நம்ம ஊரு லேப்ல ரொம்ப காலமா பண்றாங்க, ஆனா அது துணைச் சாட்சியம்தான்.

ஒரு ஆதங்கம். காணாமப் போனவங்க குடும்பத்து டிஎன்ஏ ஒரு பக்கம், அன்நோன் பாடி டிஎன்ஏ ஒரு பக்கம் வெச்சு நாடு பூரா தானா ஒப்பிடுற மாதிரி ஒரு மசோதா 2019ல கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடியே இதே கோரிக்கையோட சுப்ரீம் கோர்ட்ல லோக்நீதி ஃபவுண்டேஷன் வழக்கு நடந்து, சட்டம் வருதுன்னு கவர்மென்ட் சொன்னத கேட்டு 2018ல முடிச்சு வெச்சாங்க. மசோதாவ 2023ல வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால அந்த பாடில இருந்து எலும்பு எடுத்து வெச்சிருந்தாலும் நீங்க போயி கேக்குற வரைக்கும் அது சும்மாதான் கிடக்கும்.

கருப்பட்டிகாபி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னிக்குப் போயி கேட்டேன், விசரா (உள்ளுறுப்பு) மட்டும் கெமிக்கல் டெஸ்டுக்கு அனுப்பினாங்களாம், எலும்பு, பல்லு எதுவும் எடுக்கல. மயானத்துல ஒரு தகரத்துல கிரைம் நம்பர பெயின்ட்ல எழுதி நட்டு வெச்சிருக்காங்க, கடைசி ரெண்டு நம்பர் மழையில அழிஞ்சு போச்சு, பக்கத்துலயே அதே மாதிரி இன்னும் நாலு இருக்கு. ரெஜிஸ்டர்ல வரிசை நம்பர் இருக்குன்னு அங்க வேலை பாக்குற அண்ணன் காட்டினாரு. டிஸ்சார்ஜ் ஃபைல் கிடைச்சிருச்சு, உள்ள ஸ்டிக்கர் இருக்கு!! ராட எடுக்கவே இல்லைன்னு சித்தி சொல்றாங்க. தம்பி, அதாவது சித்தப்பா பையன், கத்தார்ல இருக்கான், அவன் வந்துதான் ரத்தம் குடுக்கணுமா? பொண்ணு ஒண்ணு இங்க கட்டிக் குடுத்திருக்கு.

தடயம்:

பொண்ணு போதும்பா, பையன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சித்தியும் கூட குடுத்தா கணக்கு இன்னும் உறுதியாகும். உங்க அப்பாவும் குடுக்கட்டும், அண்ணன் தம்பிங்கிறதால ஆண்வழி ஒய் குரோமோசோம் ஒத்துப் பாக்கலாம், ஆனா அது அந்தக் குடும்பத்து ஆம்பளைன்னு மட்டும்தான் சொல்லும், இன்ன ஆளுன்னு சொல்லாது.

பழைய_ஏட்டு:

தம்பி அந்த ரெஜிஸ்டர் பக்கத்த இன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க, அஞ்சு தகரமும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி இன்னொரு போட்டோ. மனுவுல வரிசை நம்பரோட இடத்தையும் எழுதுங்க, இல்லைன்னா தாசில்தாரு வந்து நின்னு எதத் தோண்டுறதுன்னு கேட்டுட்டு கிளம்பிடுவாரு. ஸ்டிக்கரோட ஒரிஜினல யாருகிட்டயும் குடுத்துராதீங்க, ஜெராக்ஸ் மட்டும். சித்தி எப்படி இருக்காங்க, மனுவுல கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டாங்களா?

கருப்பட்டிகாபி:

போடறேன்னு சொல்லிட்டாங்கய்யா. இவரு இல்லைன்னு நிரூபிக்கத்தான் போடறேங்கிறாங்க. திங்கக்கிழமை ஆர்டிஓ ஆபீஸ் போறோம்.