காதல் கொடூரமாக மாறுவதை பாலசந்தர் எப்படி எழுதினார்? குறும்படத்துக்கு யோசனை தேவை

படகுத்துறை (பட்டர்வொர்த்)

வணக்கம். 20 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண். அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவன். அந்தப் பிரியமே போகப்போக அவள் கழுத்தை நெரிக்கிறது. கடைசிக் காட்சி பினாங்கு ஃபெரியில்.

முன்மாதிரியாக வைத்திருப்பது கே. பாலசந்தரின் எழுபதுகளின் படங்களை. முதல் பிரதியில் இரண்டு குறைகள் தெரிகின்றன. சுவாரசியம் முழுக்க அவனிடமே இருக்கிறது, அவள் வெறும் 'ஐயோ பாவம்'. அடுத்து, 12ஆம் பக்கத்தில் அவன் கை ஓங்குவது எங்கிருந்தோ குதித்ததுபோல் இருக்கிறது. இந்த இரண்டையும் பாலசந்தர் எப்படிக் கையாண்டார், எங்கே சறுக்கினார் என்று படங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

தம்பி, முதலில் 'அவர்கள்' (1977) பாருங்கள். உங்கள் இரண்டாவது குறைக்கு மருந்து அதில் இருக்கிறது.

ரஜினி நடித்த ராமநாதன் அடிதடி வில்லன் இல்லை. மனைவி அனுவை (சுஜாதா) வதைக்க அவனுக்குப் பயன்படுவது அவளைப் பற்றி அவன் அறிந்த விஷயங்கள்தான். பரணியோடு அவளுக்கு இருந்த பழைய காதலே அவன் கையில் ஆயுதம். விவாகரத்துக்குப் பிறகு அவள் தன் காலில் நிற்கும்போது, திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறான். அவனுடைய கொடுமையின் உச்சம் அந்தப் பணிவுதான். அடித்தால் எதிர்க்கலாம். மன்னிப்புக் கேட்டு நிற்பவனை எப்படி எதிர்ப்பது? நல்லவளாக இருக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையையே பிடித்து இழுக்கிறான்.

இதை உங்கள் பிரதியில் கொண்டுவர ஒரு வழி. காதல் காலத்தில் அவள் நம்பிக்கையோடு அவனிடம் சொன்ன மூன்று விஷயங்களை எழுதுங்கள். இருட்டுக்குப் பயம், அப்பா விட்டுப்போன கடன், தொழிற்சாலையில் ஒரு நண்பர், இப்படி ஏதாவது. மூன்றும் முதல் 5 பக்கத்துக்குள் அன்பான இடத்தில் வரட்டும். 6லிருந்து 12க்குள் ஒவ்வொன்றும் திரும்பி வரவேண்டும்: ஒன்று கேலியாக, இன்னொன்று அக்கறை வேடத்தில் ('இரவு ஷிப்ட் வேண்டாமே, உனக்குத்தான் இருட்டு ஆகாதே'), மற்றொன்று மிரட்டலாக. அதன்பிறகு கை ஓங்க வேண்டிய தேவையே உங்களுக்கு இருக்காது. ஓங்கினாலும் யாருக்கும் அது திடீரென்று தெரியாது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில், மூன்றுக்கு மேல் வைத்தால் 20 நிமிடம் தாங்காது.

பாலசந்தர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். மனசுக்குள் இருப்பதை வெளியே ஒரு பொருளாகவோ ஆளாகவோ நிறுத்திவிடுவார். 'அவர்கள்' படத்தில் கமலின் ஜனார்த்தனனால் சொல்ல முடியாத காதலை அவன் கையிலிருக்கும் ஜூனியர் என்ற பொம்மை பேசுகிறது. 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் பிரசாத்தின் மனசாட்சியே ஓர் ஆளாக வந்து அவனோடு வாதாடுகிறது. நீங்களும் வசனத்தைக் குறைத்து ஒரு பொருளை வேலை செய்ய விடுங்கள். அவன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி போதும்: 3ஆம் பக்கத்தில் பரிசு, 8இல் அவள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி, 17இல் அவள் அதை அணைக்கிறாள். அந்த மூன்று ஷாட்டுக்கும் ஒரே கோணம், ஒரே தூரம்.

கறுப்புவெள்ளை

'மூன்று முடிச்சு' படகுக் காட்சியைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் ஃபெரி காட்சிக்கு அதுதான் நேரடிப் பாடம்.

பாலாஜி (கமல்), செல்வி (ஸ்ரீதேவி), பிரசாத் (ரஜினி) மூவரும் படகில். 'வசந்தகால நதிகளிலே' பாட்டு. கண்ணதாசன் அதை அந்தாதியாக எழுதினார்: ஒரு வரி முடியும் சொல்லில் அடுத்த வரி தொடங்கும். காதலர் இருவரும் அந்தச் சங்கிலியைக் கைமாற்றிக்கொண்டே போகிறார்கள். பாலாஜி தண்ணீரில் விழுகிறான். நீச்சல் தெரிந்த பிரசாத் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு சங்கிலியின் அடுத்த கண்ணியை எம்.எஸ்.வி.யின் குரலில் பாடுவது அவன்! காதலுக்காகக் கட்டிய வடிவத்துக்குள்ளேயே கொலைகாரன் நுழைந்துவிடுகிறான். கொடுமை என்பது செய்தது அல்ல, செய்யாமல் விட்டது. தமிழில் அதைவிடக் குளிர்ந்த ஒரு காட்சியை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் சறுக்கலும் அங்கேதான். அவன் நிற்கும் விதம், புகைக்கும் விதம், அந்த வேகம், எல்லாமே ரசிகர்களைக் கட்டிப்போட்டது. உங்கள் முதல் குறை இதே நோய். தடுக்கச் சில வழிகள்:

அவன் உள்ளே வரும்போது பின்னணி இசை வேண்டாம். அவனைக் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் லோ ஆங்கிள் வேண்டவே வேண்டாம், கண் மட்டத்திலேயே வையுங்கள். அவன் பேசும் நீளமான வசனங்களில் பாதிக்கு மேல் கேமரா அவள் முகத்தில் இருக்கட்டும், அவன் குரல் மட்டும் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வரட்டும். அவன் அறையை விட்டுப் போனதும் வெட்டாதீர்கள். அவள் தனியாக இருக்கும் அந்த ஷாட்டை 6, 7 விநாடி நிறுத்துங்கள். எடிட்டிங்கில் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த விநாடிகளைத்தான், அதனால்தான் படம் அவனுடையதாகிவிடுகிறது. முகத்துக்கு அருகில் போகும்போது 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ் போடுங்கள். அடுக்குமாடியில் இடம் போதாது என்று 24ஐ வைத்து முகத்தை நெருங்கினால் மூக்கும் நெற்றியும் புடைத்து, அழுகை கேலியாகத் தெரியும்.

ஒளிக்கு பி.எஸ். லோகநாத்தின் வேலையைப் பாருங்கள். 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்துக்குக் கறுப்புவெள்ளை ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

மல்லிகைப்பந்தல் (பிரிக்பீல்ட்ஸ்)

அண்ணன்மார் இருவரும் சொன்னது சரி. ஆனால் முன்மாதிரி என்று எடுக்கும்போது முடிவுகளையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள், தம்பி.

பாலசந்தரின் பெண்கள் அற்புதமாகத் தொடங்குவார்கள். சம்பாதிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், ஆசைப்படுவார்கள். கடைசி ரீலில் விட்டுக்கொடுப்பது மட்டும் அவர்கள் வேலையாகிவிடும். 'அவள் ஒரு தொடர்கதை'யின் (1974) கவிதா மறுபடியும் அதே பஸ்ஸில் ஏறுகிறாள். 'சிந்து பைரவி'யின் (1985) சிந்து பெற்ற குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். 'மூன்று முடிச்சு' செல்வி பிரசாத்தைத் தண்டிக்க அவன் தந்தையையே மணந்து அவனுக்குச் சித்தியாகிறாள். பழிவாங்கல் மிக அழகான திருப்பம், விலை முழுக்க அவளுடைய வாழ்க்கை. அந்த வேடத்தில் நடித்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 13. இதையும் மறக்காமல்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இவற்றுக்கு நடுவே எனக்கு முழு மனதோடு பிடித்தது 'அவர்கள்' முடிவு. எந்த ஆணையும் தேர்ந்தெடுக்காமல் அனு ரயில் ஏறுகிறாள், கூட வருவது மாமியார். கொடுமை செய்தவனின் தாயே அவளுக்குத் துணை. லீலாவதி அந்தத் தாயாக வருவதை இரண்டு தடவை பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் பிரதியில் அவன் கணவனா, காதலனா என்று நீங்கள் சொல்லவே இல்லை. மலேசியாவில் இதைத் தீர்மானிக்காமல் 13ஆம் பக்கத்தைத் தாண்ட முடியாது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994 மனைவிக்கும், விவாகரத்தான மனைவிக்கும் பொருந்தும், திருமணமாகாத காதலிக்குப் பொருந்தாது. மனைவி என்றால், சமூகநல அதிகாரியே 7 நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், 2017 திருத்தத்தில் வந்த வசதி இது. காதலி என்றால் அவளுக்கு அந்தக் கதவு கிடையாது. ஆனால் விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023இலிருந்து தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் குற்றம். கைப்பேசியை வைத்து அவள் போகுமிடமெல்லாம் அவன் வந்து நிற்கிறான் என்றால் கதைக்கு அதுதான் முக்கியம். 1977இல் அனுவுக்கு இதெல்லாம் இல்லை. உங்கள் பெண்ணுக்கு இருக்கிறது. அவள் போலீசுக்குப் போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று ஒரு காட்சி வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் அதையே கேட்டுக்கொண்டிருப்பார். படத்தின் முடிவில் 15999 தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண்ணைப் போடுங்கள்.

படகுத்துறை (பட்டர்வொர்த்)

மூவருக்கும் மிக்க நன்றி. காதலன் என்றே வைக்கிறோம். அக்கா சொன்ன மூடிய கதவு கதைக்கு இறுக்கம் தரும். அந்தாதி விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஃபெரியில் இருவரும் பேசும் வசனம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதை அந்தாதிபோல் எழுதலாமா?

கறுப்புவெள்ளை

எழுதலாம், ஆனால் படகில் வேண்டாம். 3ஆம் பக்கத்தில் இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் பிடித்துப் பேசும் விளையாட்டாக 4 வரி போதும். ஃபெரியில் அவன் மட்டும் ஒரு வரியைத் தொடங்கி முடிக்கட்டும். அவள் தொடரக் கூடாது. சங்கிலி அங்கே அறுந்தால் அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது வசனமில்லாமல் புரியும்.

நடைமுறையிலும் அதுவே நல்லது. எஞ்சின் இரைச்சலும் கடற்காற்றும் ஒன்றரைப் பக்க வசனத்தை விழுங்கிவிடும், டப்பிங்கில் அந்த மூச்சு வராது. ஒரே வரி என்றால் கரையில் அமைதியான இடத்தில் தனியாகப் பதிவுசெய்து ஒட்டலாம். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம். ஆள் பேசாத எஞ்சின் ஒலியைத் தனியாக 2 நிமிடம் பிடித்து வையுங்கள். ஒரு பயணத்தில் இரண்டு டேக் கிடைத்தால் பெரிது, போகும்போதும் வரும்போதும் வெயில் எதிர்த் திசையில் விழும். ஆகவே அவன் ஷாட் எல்லாம் போகும்போது, அவள் ஷாட் எல்லாம் திரும்பும்போது என்று பிரித்துவிடுங்கள். படகில் எடுக்க எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு தேதி குறியுங்கள்.

மல்லிகைப்பந்தல் (பிரிக்பீல்ட்ஸ்)

அவள் ஷாட்டை முதலில் எடுங்கள், தம்பி. நேரம் போதாமல் போனால் விடுபடுவது அவன் ஷாட்டாக இருக்கட்டும்.