சிக் பி320: சேஃப்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம், லிவர் உடைந்துவிட்டதா?

கீழக்கரைத் தம்பி:
என் மச்சான் ஹூஸ்டனில் இருக்கிறார். போன மாசம் 9 எம்எம் சிக் பி320 கைத்துப்பாக்கி ஒன்றைப் பழசாக வாங்கினார். கைப்பிடி பெரிதாக இருக்கிறதென்று, சின்னதாக ஒன்றை இணையத்தில் வாங்கி அவரே மாட்டிவிட்டார். லாத்தா (அக்கா) நேற்று வீடியோ காலில் காட்டியது. மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குக் கீழே, கட்டை விரல் படும் இடத்தில், இரண்டு பக்கமும் பிறை மாதிரிப் பள்ளம். சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டி லிவர் இல்லை. உடைந்துவிட்டதா? வீட்டில் மூன்று வயசுப் பையன் இருக்கிறான், லாத்தாவுக்குத் தூக்கமே இல்லை.

உச்சிப்புளிப் பட்டாளத்தான்:
முதலில் லாத்தாவைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள், மச்சானே எடுக்கட்டும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிய பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அடுத்த தோட்டா குழலின் பின்முனையில் இருக்கும் சேம்பருக்குள் ஏறிவிடும். மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் தோட்டா இருந்தால் அது வெடிக்கும். நாங்கள் பட்டாளத்தில் 9 எம்எம் 1ஏ பிஸ்டல் வைத்திருந்த காலத்தில், சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்தது போதாது, விரலை விட்டுத் தடவியும் பார்ப்போம்.

டெக்சாஸ் தொண்டிக்காரன்:
லிவர் உடையவில்லை தம்பி. பி320-யில் துப்பாக்கி என்று அமெரிக்கச் சட்டம் கணக்கெடுப்பது உள்ளே இருக்கும், ட்ரிகர் பாகங்கள் அடங்கிய ஃபயர் கண்ட்ரோல் யூனிட்டை மட்டும்தான். சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். கைப்பிடி வெறும் பிளாஸ்டிக் கூடு, யாரும் வாங்கலாம். மச்சான் வாங்கியது சேஃப்டி உள்ள மாடலுக்கு வெட்டிய கூடு. லிவர் யூனிட்டோடு வருவது, அவருடைய யூனிட்டில் அது கிடையாது. கூடு பொருந்தியதாலேயே சேஃப்டி வந்துவிடாது. லிவரைத் தனியாக வாங்கிச் செருகும் வேலையும் வீட்டில் வேண்டாம். பள்ளம் வழியாகத் தூசி போகும், அதனால் பள்ளம் இல்லாத கூட்டை மாட்டச் சொல்லுங்கள்.

எனக்குப் பயம் அந்தப் பள்ளத்தில் இல்லை. எந்த வருஷத்து யூனிட் அது? ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் அடித்தால் வெடிக்கிறது என்று 2017-ல் புகார் வந்தது. ட்ரிகர் கனமாக இருந்ததால், விழுந்த வேகத்திலேயே அது பின்னால் நகர்ந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. ட்ரிகர், தோட்டாவை இடிக்கும் ஸ்ட்ரைக்கர், அதைப் பிடித்து வைக்கும் சியர் மூன்றின் எடையையும் குறைத்து, ஸ்லைடு முழுதாக மூடாதபோது சுடாமல் தடுக்கும் டிஸ்கனெக்டர் என்ற பாகத்தையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றிலும் தானாக வெடித்ததாக வழக்குகள் உண்டு, கம்பெனி மறுக்கிறது. பழசோடு புதுசைக் கலப்பதுதான் ஆபத்து. கைப்பிடியை மாற்றியவர் ஸ்லைடையும் மாற்றியிருக்கலாம், கேளுங்கள்.

ஏர்வாடி மெக்கானிக்:
ஒரு வள்ளத்து எஞ்சினில் அடுத்த வள்ளத்துப் பாகத்தைப் போட்டு, "ஏறிடுச்சுல்ல?" என்று கேட்பவர்கள் எங்கள் பட்டறையில் தினம் இரண்டு பேர். ஏறுவது வேறு, ஓடுவது வேறு அண்ணே.

கீழக்கரைத் தம்பி:
கேட்டுவிட்டேன். ஸ்லைடை மாற்றவில்லையாம். ட்ரிகர் பழைய மாதிரித் தடிப்பாகத்தான் இருக்கிறது. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த மாற்றம் செய்யப்படாதது என்று வருகிறதாம். மச்சானுக்குக் கோபம், "ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகாம வச்சிருந்தாராம்ல முன்னாடி ஆளு" என்கிறார்.

டெக்சாஸ் தொண்டிக்காரன்:
அந்த ஆள் கீழே போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். அனுப்பச் சொல்லுங்கள். திரும்பி வரும்வரை அதில் தோட்டாவே வேண்டாம்.

கீழக்கரைத் தம்பி:
சரி. இப்போது காலியாக்கிப் பெட்டியில் பூட்டியாயிற்று. சாவி லாத்தாவிடம்.