தெலே பிரீதொம்: 1991இல் நடந்தது என்ன, அதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

கேள்வி – சேன்-தாந்த்ரே, தமிழ் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ் வகுப்பில் படிக்கும் இளையோர், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய இந்த ரீயூனியன் தீவின் அண்மைக்கால வரலாற்றைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதி வருகிறார்கள். ஒரு மாணவி உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். தெலே பிரீதொம் 1991இல் பெயர் மாறி ஆந்தென் ரீயூனியன் ஆயிற்று என்று அவள் எழுதியிருப்பது சரியா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. நான் புதுச்சேரியிலிருந்து பிற்காலத்தில் இங்கு வந்தவள். தெலே பிரீதொமின் கருவிகளை எடுத்துச் சென்றதற்காகத் தலைநகர் சேன்-தெனியின் ஷோத்ரோன் பகுதி முழுவதும் ஏன் கொதித்தெழுந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் காலத்தை அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் அப்படியே சொல்லுவேன்.

மறுமொழி – சேன்-தெனி வாசகர்

வணக்கம் அம்மா. அந்த வரியை மாணவி திருத்திவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு நிலையங்கள். ஒன்றின் வாரிசு மற்றொன்று அன்று.

மருத்துவரான கமீல் சூத்ர் 1981 ஜூலை 14 அன்று பிரீதொம் வானொலியைத் தொடங்கினார். 1986 மார்ச்சில் அதனுடன் தெலே பிரீதொம் சேர்ந்தது. தொலைக்காட்சிக்கு அனுமதி இல்லை என்பது தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஐந்து ஆண்டுகள் அது ஓடியது. பிரான்சின் ஒலி-ஒளிபரப்பு உயர் மன்றம் 1989இல் அமைந்த பிறகு, தீவில் தனியார் தொலைக்காட்சிக்கு முறையாக விண்ணப்பங்கள் கேட்கப்பட்டன. பிரீதொமுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1991 பிப்ரவரி 24 அன்று அதன் ஒளிபரப்புக் கருவிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அந்நாட்களில் ஷோத்ரோனில் வெடித்த கலவரத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். சூறையாடப்பட்ட கடை ஒன்றில் பற்றிய தீயில் சிக்கியவர்களே அவர்களுள் பெரும்பாலோர்.

ஆந்தென் ரீயூனியன் 1991 மார்ச் 18 அன்று, அதாவது நான்கு வாரங்கள்கூட ஆகாத நிலையில், முறையான அனுமதியுடன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒன்று மறைந்த சூட்டோடு மற்றொன்று வந்ததால்தான் இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் ஏற்பட்டிருக்க வேண்டும்.

மறுமொழி – லெ போர் வாசகர்

நாள்களைச் சரியாகத் தந்த நண்பருக்கு நன்றி. ஆனால் "ஏன்" என்ற கேள்விக்கு விடை 1986இல் கிடைக்காது. 1964க்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில், இத்தீவில் தொலைக்காட்சி தொடங்கியது. அது ஓ.ஆர்.டி.எஃப். என்ற அரசு நிறுவனத்தின் கிளை. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி பிரான்சில் தயாராகி, படச்சுருளாக விமானத்தில் வந்து, பிறகே திரையில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் முன்னாள் பிரதமர் மிஷேல் தெப்ரே இங்கிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். தன்னாட்சி கேட்டுவந்த போல் வெர்ஜேசின் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்காளர்களிடையே பெரும் ஆதரவு இருந்தும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நெடுங்காலம் அதற்கு இடம் தரப்படவில்லை. தீவின் பேச்சுமொழியான கிரியோலை அன்றாடம் பேசிய மக்கள் திரையில் கேட்டதோ பாரிசின் பிரெஞ்சு. 1974இன் இறுதியில் ஓ.ஆர்.டி.எஃப். கலைக்கப்பட்டு எஃப்.ஆர். 3 என்ற அரசு நிறுவனம் வந்தது, 1982இன் இறுதியில் ஆர்.எஃப்.ஓ. என்ற மற்றொன்று வந்தது, பெயர்ப்பலகைதான் மாறியது, அரசின் கையை விட்டு அது போகவில்லை.

இந்தச் சூழலில்தான், யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்துக் கிரியோலில் நேரலையாகப் பேசலாம் என்று பிரீதொம் வானொலி வாசலைத் திறந்துவிட்டது. தண்ணீர் வராத தெருவைப் பற்றி, கிடைக்காத உதவித்தொகையைப் பற்றி, அதிகாரியின் அலட்சியத்தைப் பற்றி மக்கள் தம் வாயால் சொல்ல, ஊரே கேட்டது. இருபது ஆண்டுகளாகப் பேசக் கிடைக்காதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்றைய இளையோருக்கு உணர்த்துவது கடினம். ஆனாலும் மாணவி அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். கருவிகளை எடுத்துச் சென்றபோது, தங்கள் குரலையே எடுத்துச் சென்றதாக ஷோத்ரோன் மக்கள் கொண்டார்கள்.

மறுமொழி – சேன்-பியேர் வாசகி

லெ போர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முழுவதையும் ஏற்க மனம் வரவில்லை. தெலே பிரீதொம் உரிமை பெறாமல் திரைப்படங்களை ஒளிபரப்பியது என்றும், பிள்ளைகள் பார்க்கத் தகாத படங்களைக் காட்டியது என்றும் அன்றே பலர் கடிந்துகொண்டார்கள். அனுமதியில்லாத நிலையத்தைச் சட்டம் கேள்வி கேட்டதை மட்டும் வைத்து அடக்குமுறை என்று எழுதிவிடக் கூடாது.

அதைவிட முக்கியமாக, ஷோத்ரோனின் நிலையைச் சொல்லாமல் தொலைக்காட்சியை மட்டும் சொன்னால் கட்டுரை பொய்யாகிவிடும். தலைநகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களை நெருக்கமாகக் குடியமர்த்திய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவு முழுவதிலுமே உழைக்கும் வயதினரில் மூவரில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. ஷோத்ரோன் இளைஞர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சில் குறைந்தபட்ச வாழ்வூதியம் 1989இல் நடைமுறைக்கு வந்தபோதுகூட, இங்குள்ளவர்களுக்கு அங்கே கொடுத்ததைவிடக் குறைவான தொகையே நிர்ணயிக்கப்பட்டது. குமைந்து கிடந்த கோபம் அது. கருவிகளைப் பறிமுதல் செய்தது தீப்பொறியாயிற்று.

பின்கதையும் சேர வேண்டும். 1992 மார்ச் மண்டலத் தேர்தலில் சூத்ரின் வேட்பாளர் பட்டியல் 45 இடங்களில் 17ஐப் பெற்று முதலிடத்தில் வந்தது. அவர் மண்டல மன்றத் தலைவரானார். பிரசாரத்துக்குத் தம் வானொலியைப் பயன்படுத்தினார் என்பதால் பாரிசின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அத்தேர்தலை ரத்து செய்தது. 1993இல் நடந்த மறுதேர்தலுக்குப் பிறகு அவருடைய மனைவி மார்ஜி சூத்ர் தலைவராகி 1998 வரை இருந்தார். ஒலிவாங்கியை மக்களுக்குத் திறந்துவிட்டவரே அதைத் தம் வெற்றிக்கும் பயன்படுத்தினார் என்பதை மாணவி மறைக்காமல் எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் மாறியது என்ற வரியை நீக்கச் சொல்லிவிட்டேன். பிரீதொம் 1991உடன் முடிந்துவிட்டது என்று எழுதலாமா? அந்தக் காலத்து எழுத்துச் சான்றுகளை அவள் எங்கே தேடலாம்?

மறுமொழி – சேன்-தெனி வாசகர்

தொலைக்காட்சியை மட்டும் அப்படி எழுதலாம் அம்மா. வானொலி இன்றும் ஒலிக்கிறது, தீவில் மிகுதியாகக் கேட்கப்படுவதும் அதுவே. சான்றுகளுக்குச் சேன்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1991 பிப்ரவரி, மார்ச் மாத இதழ்களில் லெ கொத்திதியேன், ஜூர்னால் தெ லில், கம்யூனிஸ்ட் கட்சியின் தெமுவாஞாஜ் ஆகிய மூன்றையும் ஒரே தேதிக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்; ஒரே நாளை மூன்று தாள்கள் எப்படி எழுதின என்பதைப் பார்த்த பிறகு அவள் எழுதத் தொடங்கினால் போதும்.