களிம்பு ஏறிய தூண்டில் ஸ்பூன், கறுத்துப்போன ஜிக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தீவுத்தூண்டில்:
சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆபு டோபி, இரை மாதிரி ஆடி மீனை இழுக்கும் உலோக ஸ்பூன், 28 கிராம், ஸ்வீடன் முத்திரை போட்டது. வெள்ளிப் பூச்சு கறுத்து, பூச்சு போன இடத்தில் பித்தளை பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. நான் ஊரில் இல்லாதபோது தம்பி அதைப் பாத்திரத்துக்கு பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். பளபளவென்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு பாம்பன் கரையில் வீசினேன். டோபி தண்ணீரில் எப்படி ஆடி வரும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இது ஆடவேயில்லை. ஒரே பக்கமாகச் சுற்றியது, தூண்டில் நரம்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது.

பின்னாலேயே ஒரு பாரை மீன் வந்தது. நல்ல பெரிசு. பாறை ஓரம் வரை வந்து, ஸ்பூனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, வயிற்றைக் காட்டித் திரும்பிப் போய்விட்டது. அந்தத் திரும்பல் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்புறம் ஸ்பூனைத் தரையில் வைத்துப் பார்த்தால், பாலிஷ் சக்கரம் அழுத்தியதில் வளைவு தட்டையாகிவிட்டது. முத்திரையும் பாதி அழிந்துவிட்டது. பட்டறைக்காரரைக் கேட்டால், "பளபளப்பு வந்துச்சுல்ல?" என்கிறார். அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவர வழியுண்டா?

விரால்பிரியன்:
பட்டறைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? கார்த்திகைக்கு அம்மா விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். என் தூண்டில் பெட்டியிலிருந்த, தண்ணீரில் சுழன்று மீனை இழுக்கும் பித்தளை ஸ்பின்னர் தகடு ஒன்றையும் வாங்கி, அதே புளியையும் கல்லுப்பையும் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். களிம்பு கரைந்து பச்சைத் தண்ணீராக வடிய, அடியில் சுத்தியல் பொளிந்த சின்னச் சின்னக் குழிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அந்தத் தகட்டில் அப்படி ஒரு வேலைப்பாடு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. "கழுவினதும் துடைச்சிடுடா, ஈரமா வச்சா திட்டுத்திட்டா கறுத்துடும்" என்றார். அந்த வாரமே ஏரியில் தாமரை இலை ஓரமாக இழுத்தேன். விரால் அடித்த சத்தம் கரையில் இருந்தவருக்கே கேட்டது. புளிதான். வேறு எதுவும் வேண்டாம்.

உப்புக்காற்று:
விரால்பிரியன், வெறும் பித்தளைக்கும் செம்புக்கும் நீங்கள் சொல்வது சரி. பூச்சு போட்ட ஸ்பூனுக்கு அதைச் சொல்லாதீர்கள், படித்துவிட்டு யாராவது செய்துவிடுவார்கள். நிக்கல் பூச்சில் கீறல் இருந்தால் புளிப்பு அடியில் இறங்கும், பூச்சு செதில் செதிலாக உரியும். புளியில் ராத்திரி முழுக்க ஊறவைப்பதும் கூடாது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரியும், தகடு ரோஜா நிறமாகிவிடும்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று. நண்பர் வீட்டில், வெள்ளை பூத்த ஈய ஜிக்குகளை, அதாவது கொக்கியோடு சேர்ந்த ஈயத் தூண்டில் குண்டுகளை, வினிகரில் போட்டு வைத்திருந்தார்கள், அதுவும் சமையல் கிண்ணத்தில். பக்கத்தில் அவர் குழந்தை கையை நீட்டிக்கொண்டு நின்றது. ஓடிப்போய்க் கிண்ணத்தைத் தூக்கினேன். ஈயமும் வினிகரும் சேர்ந்தால் உண்டாகும் உப்பு தண்ணீரில் கரையும் விஷம், நாக்கில் இனிக்கவும் செய்யும். ஈயத்தை வினிகரிலும் போடாதீர்கள், உப்புத்தாளாலும் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மேலே பெயின்ட் அடியுங்கள், போதும்.

வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தால் தேய்க்கவே வேண்டாம். பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஆப்ப சோடா போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்பூன் தாளைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அழுகின முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கறுப்பு என்பது வெள்ளியோடு கந்தகம் சேர்ந்தது. இந்த முறையில் கந்தகம் மட்டும் பிரிந்துபோகும், வெள்ளி ஸ்பூனிலேயே நிற்கும். பாலிஷ் போட்டால் கறுப்போடு வெள்ளியும் தேய்ந்து போகும்.

எதைச் செய்வதானாலும் முதலில் கொக்கியையும் வளையத்தையும் கழற்றிவிடுங்கள். இரும்புக் கொக்கியோடு புளிப்பில் போட்டால் கரைந்த செம்பு கொக்கிமேல் படியும், கொக்கியும் அரிக்கும். துருப்பிடித்த கொக்கியைத் தேய்த்து உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள், புதிசு மாட்டுங்கள். கடலுக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் இதில் பாதி தேவையே இல்லை.

முத்துநகர் சீலா:
எல்லாரும் ஏன் பளபளப்புக்கே அலைகிறீர்கள்? தூத்துக்குடியில் தண்ணீர் தெளிந்து கிடந்த காலையில் புது ஸ்பூனை எதுவும் சீண்டவில்லை. கறுத்த பழைய பித்தளையைப் போட்டேன், முதல் வீச்சிலேயே ஒரு சீலா மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ஸ்பூனும் போச்சு. களிம்பை மட்டும் எடுங்கள், கறுப்பு இருக்கட்டும்.

தீவுத்தூண்டில், நீங்கள் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. வளைவைக் கொண்டுவரலாம். சுத்தியல் வேண்டாம், மரக்கட்டையில் குழி செதுக்கி, அதில் வைத்துக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். என்னிடம் அதே 28 கிராம் டோபி ஒன்று வளையாமல் இருக்கிறது. பக்கவாட்டில் வைத்து அட்டையில் வரைந்து அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள்.